ஏரிப் படுகையில் ஒரு நகரம்

விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் நம் மாணவர்களிற் பலர் மெஜஸ்டிக்கில் வந்து இறங்குகிறார்கள். ஒரு கையில் பெட்டியும் மறு கையில் ஊறுகாய்ச் சாடியுமாக, அடுத்த பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று தேடும் அவசரத்தில், தாம் நிற்பது ஓர் ஏரியின் நடுவில் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. கெம்பேகௌடா பேருந்து நிலையம் அமைந்துள்ள நிலம் முன்பு தர்மாம்புதி என்னும் ஏரியாக இருந்தது. அம்புதி என்றால் கடல். கடலென்று பெயர் பெற்ற நீர்நிலையில் இன்று வண்டிகள் வந்து போகின்றன. பெருமழை பெய்த மாலைகளில் அதைச் சூழ்ந்த தாழ்வான சாலைகளில் நீர் தேங்குவதைக் கண்டு நாம் சலித்துக்கொள்கிறோம். இந்த நீருக்கு இங்கே என்ன வேலை என்கிறோம். நீரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

நிலத்தைப் பயன்படுத்தும் முறை ஒரு பாடம், காட்டு விலங்கைக் காப்பது வேறொரு பாடம், போக்குவரத்து மூன்றாவது பாடம் என்று நாம் வகுப்பறையில் பிரித்துப் படிக்கிறோம். தேர்வுக்கு அது வசதி. ஆனால் பெங்களூரைப் புரிந்துகொள்ள அது போதாது. இங்கே மூன்றும் ஒரே சரிவில் ஓடுகின்றன. அந்தச் சரிவிலிருந்தே தொடங்குவோம்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்த ஊர். அருகில் பேராறு எதுவும் இல்லை. இந்த முதுகின் மேற்கே விழும் மழை விருஷபாவதி என்னும் சிற்றாற்றின் வழியே அர்க்காவதியை அடைந்து, பின் காவிரியில் கலக்கிறது. கிழக்கே விழும் மழை ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வழியே தென்பெண்ணையை அடைகிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகச் சென்று கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆகவே இந்நகரில் எந்தத் தெருவில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாலும், அது ஓடிச் சேருமானால், தமிழ்நாட்டுக்குத்தான் போய்ச் சேரும். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆறில்லாத மேட்டில் ஊர் வாழ வேண்டுமானால் மழையைப் பிடித்து நிறுத்துவதைத் தவிர வழியில்லை. 1537-ஆம் ஆண்டில் கெம்பேகௌடர் இந்நகரை அமைத்த காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் இங்கே ஏரிகள் வெட்டப்பட்டன. கன்னடத்தில் இவற்றைக் கெரே என்பார்கள். சரிவின் குறுக்கே ஒரு கரை, கரையில் மதகு, மிகுந்த நீர் வழிய ஒரு கலிங்கு. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலிங்கில் வழியும் நீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இந்தக் கால்வாய்களையே இங்கே ராஜகாலுவே என்கிறார்கள். நம் பாண்டி நாட்டுக் கண்மாய்களும் தொண்டை நாட்டு ஏரிகளும் இதே முறையில் அமைந்தவையே. நீர்நிலைகளைப் பெருக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறிய பாட்டு புறநானூற்றில் இருப்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். எனவே இந்த அமைப்பு நமக்குப் புதியது அன்று. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஏரி என்பது தனித்த ஒரு குளம் அன்று, அது ஒரு சங்கிலியின் ஒரு கண்ணி. ஒரு கண்ணியை அறுத்தால் அதற்கு மேலுள்ள ஊர் மூழ்கும்; கீழுள்ள ஊர் காயும்.

பின் ஏன் அறுத்தார்கள்? பேராசை என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது. எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. 1894-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியே நகருக்குக் குடிநீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் சேர்ந்தது. 1974-இல் காவிரி நீர் வந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மின்சாரத்தால் தூக்கிக் கொண்டுவரப்படும் நீர் அது. 2024 அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் தொடங்கி, நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் கூடிற்று. தூரத்து நீர் வீட்டுக் குழாயில் வந்தவுடன் பக்கத்து ஏரி பயனற்றதாயிற்று. பயனற்ற நீர்நிலை கொசு வளர்க்கும் பள்ளம் எனப்பட்டது. பள்ளத்தைத் தூர்த்தால் நகரின் நடுவிலேயே விலையில்லா நிலம் கிடைத்தது. இவ்வளவும் தீய எண்ணத்தோடு நடந்தவை என்று சொல்ல முடியாது. பேருந்து நிலையம் வேண்டும், விளையாட்டரங்கம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடும் நடந்தவையே. அதுதான் இதில் வருந்தத்தக்கது.

சம்பங்கி ஏரியின் கதை இதற்கு நல்ல சான்று. இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் அது. அதன் நீரைக் கொண்டு காய்கறியும் பூவும் விளைவித்த தோட்டக்காரர்களில் திகளர் என்னும் மக்கள் முதன்மையானவர்கள். தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் எனக் கருதப்படுபவர்கள். ஒவ்வோர் ஆண்டும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கரகத் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்களுடைய விழா. ஏரி போய்விட்ட பிறகும் அரங்கின் ஓரத்தில் சிறு குட்டை ஒன்று விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. கரகச் சடங்குக்கு அங்கே வந்து போகிறார்கள். ஏரி மறைந்தது, சடங்கு அதன் இடத்தை மறக்கவில்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர் டி. வி. இராமச்சந்திராவும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். 1973 முதல் 2010 வரையில் பெங்களூரின் கட்டடப் பரப்பு 584 சதவீதம் கூடியது. மரஞ்செடிப் பரப்பு 66 சதவீதமும் நீர்நிலைகள் 74 சதவீதமும் குறைந்தன. இது நடந்துகொண்டிருக்கும்போதே எச்சரித்தவர்கள் இல்லாமற் போகவில்லை. ஏரிகளைக் காக்கும் வழியை ஆராய 1985-இல் லட்சுமண ராவ் தலைமையில் அரசே ஒரு குழுவை அமைத்தது. எஞ்சிய ஏரிகளை உடைக்காதீர்கள், அவற்றில் கழிவுநீரை விடாதீர்கள் என்று அக்குழு சொன்னது. அறிக்கை நல்ல அறிக்கை. நகரம் வளர்ந்த வேகம் வேறாக இருந்தது.

கழிவுநீர் என்றவுடன் பெள்ளந்தூர் ஏரி நினைவுக்கு வரும். 900 ஏக்கர் அளவுள்ள, நகரின் மிகப் பெரிய ஏரி. நகரக் கழிவுநீரில் ஏறத்தாழ 40 சதவீதம் அங்கே வந்து சேர்கிறது என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. பனிமலை போல நுரை கிளம்பி, பாலத்தைத் தாண்டிச் சாலையில் பறந்த படங்களை எல்லாரும் கண்டிருக்கிறோம். அந்த நுரை எப்படி உண்டாகிறது? நாம் துணிக்கும் பாத்திரத்துக்கும் போடும் சோப்புத்தூளில் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் உள்ளன. சுத்திகரிக்கப்படாத கழிவில் அவை சிதையாமல் வந்து ஏரியின் அடிச்சேற்றில் படிகின்றன. கோடைக்குப்பின் முதல் மழை பெய்து வெள்ளம் வரும்போது அந்தச் சேறு கலங்குகிறது. கலங்கிய நீர் கலிங்கில் உயரத்திலிருந்து விழுகையில் காற்று உட்புகுந்து நுரைக்கிறது. வீட்டுத் தொட்டியில் குழாயை வேகமாகத் திறந்து பார்த்தால் இதே வித்தையைக் காணலாம். சோப்புத்தூளிலும் மலத்திலும் உள்ள பாஸ்பரஸ் ஆகாயத் தாமரைக்கு உரமாகிறது. தாமரை நீரை மூடுகிறது. அடியில் ஒளியும் உயிர்வளியும் குறைகின்றன. உயிர்வளியற்ற சேற்றில் மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகிறது. ஆகவே 2015 மே மாதத்தில் அந்த ஏரியின் நுரை தீப்பற்றியது என்று செய்தி வந்தபோது வேதியியல் மாணவர்கள் மற்றவர்களைப்போல வியந்திருக்க மாட்டார்கள். 2018 ஜனவரி 19 அன்று ஏரிப் பரப்பில் காய்ந்த புல்லும் குப்பையும் பற்றியெரிந்தபோது, அணைப்பதற்கு ஏறத்தாழ 5000 படைவீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் எரிகிறது, அதை அணைக்கத் தண்ணீர் வண்டி வருகிறது!

பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் இவ்வழக்கில் கடுமையான ஆணை பிறப்பித்தது. ஏரியைச் சீர்படுத்த மாநில அரசு 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும், அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் தண்டம் என்றும் அது கூறியது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைந்தது. பின்னர் ஏரியை வற்றவைத்து வண்டல் எடுக்கும் பணி தொடங்கியது.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். பெள்ளந்தூரின் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் போகிறது. தமிழ்நாட்டுக்குள் அந்த ஆறு நுழைந்தவுடன் அதைத் தடுத்து நிறுத்துவது ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணை. மழை பெய்து அணையின் மதகுகளைத் திறக்கும் நாட்களில் அங்கேயும் வெள்ளை நுரை மலையாய்ப் பொங்குகிறது. காற்றில் பறந்து வயல்களில் விழுகிறது. அந்த நீரில்தான் ஓசூர்ப் பக்கத்து உழவர்கள் பயிர் செய்ய வேண்டும். காவிரி நீர் யாருக்கு எவ்வளவு என்று இரு மாநிலமும் வழக்காடுவதை நாம் நாள்தோறும் படிக்கிறோம். பெண்ணையாற்றில் வருவது எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்க, என்ன வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதிலும் நமக்கு ஒரு தருமசங்கடம் உண்டு. விடுதிகளில் துணி துவைக்கும் தமிழ் மாணவர்களாகிய நாமும் அந்த நுரைக்குக் கொஞ்சம் பங்களிக்கிறோம். கன்னடர் அனுப்பினார், தமிழர் பெற்றார் என்று கணக்கு எழுத இயலாது.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-இல் அமைக்கப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டு மூடியிருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நம் சங்கத்தார் ஆண்டுதோறும் மாலையிடச் செல்லும் இடம். அதே ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவு மிகுந்த நீரில் நுண்ணுயிர்கள் உயிர்வளியைத் தின்றுவிடும். ஒளியில்லாத இரவு முழுதும் அது குறைந்து, விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மூச்சுத்திணறிச் சாவது அந்த நேரத்தில்தான். சிலைக்கு மாலையிட்டுத் திரும்பும்போது ஏரியையும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது என்பேன்.

ஏரியின் குறையைச் சாலையில் காணலாம். 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் பெள்ளந்தூரை ஒட்டிய வெளிவட்டச் சாலை மூழ்கியது. கணிப்பொறி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய கார்கள் மாடங்களின் கீழே நீரில் மிதந்தன. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2024 கோடையில் அதே நகரம் தண்ணீருக்கு லாரியின் பின்னால் ஓடியது. மாநகராட்சியின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ பாதி வறண்டுவிட்டதாக அரசே சொன்னது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவை என்று நினைக்கிறோம். இங்கே இரண்டுக்கும் காரணம் ஒன்று: மழை நிற்க இடமில்லை. நிற்க இடமில்லாததால் ஓடி மூழ்கடிக்கிறது. ஓடிவிட்டதால் நிலத்தடிக்கு இறங்குவதில்லை.

சாலை என்றவுடன், அதை அகலப்படுத்து, அதன்மேல் இன்னொரு சாலை கட்டு என்ற குரல் எழுகிறது. நகரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. 2016-இல் சாளுக்கிய வட்டம் முதல் ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் கட்டுவது என்று முடிவாயிற்று. எண்ணூறுக்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்படவிருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக அந்தச் சாலையில் நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பின்னர் 2025-இல் ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை நிலத்தடியில் சுரங்கச் சாலை அமைக்கும் திட்டம் விவாதத்துக்கு வந்தது. மேலே இடமில்லையென்றால் கீழே! ஆனால் அகலமான சாலை கூட்டத்தைக் குறைப்பதில்லை. இதுவரை வண்டியெடுக்கத் தயங்கியவனையும் எடுக்கச் செய்கிறது. சில ஆண்டுகளில் பழைய நெரிசலே திரும்புகிறது. எத்தனையோ நாடுகள் பட்டறிந்த உண்மை இது.

மெட்ரோ இரயில் இதற்கு மாற்றாக வந்தது. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளி முதல் மகாத்மா காந்தி சாலை வரை முதல் பகுதி ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டு 10 அன்று பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் தடம் திறந்த மறுநாள், ஒரே நாளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பயணம் செய்தனர். மெட்ரோவுக்காகவும் மரங்கள் விழுந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் நூறு பேர் நூறு வண்டியில் செல்வதைவிட ஒரே பெட்டியில் செல்வது மேல் என்பதில் ஐயமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தி, மிக நீண்ட பயணத்துக்கு 60 ரூபாயாக இருந்ததை 90 ரூபாய் ஆக்கினார்கள். பெட்ரோல் கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவன் ஸ்கூட்டரே இலாபம் என்று முடிவு செய்தால் அவனை எப்படிக் குறை சொல்வது?

என் கருத்தில் இந்நகருக்கு உண்மையான பசுமை வண்டி பேருந்துதான். சாலையில் அது மூன்று கார்களின் இடத்தைத்தான் அடைக்கிறது. அந்த மூன்று கார்களில் நான்கைந்து பேர் இருப்பார்கள், பேருந்திலோ அறுபது பேர். நாளொன்றுக்கு நாற்பது இலட்சம் அளவிலான மக்களைப் பெங்களூர்ப் பேருந்துகள் சுமக்கின்றன. மின்சாரப் பேருந்துகளும் ஆயிரத்துக்கு மேல் வந்துவிட்டன. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை. கூட்டம் கூடிவிட்டது என்று சில ஆண் நண்பர்கள் முணுமுணுக்கிறார்கள். கூட்டம் கூடினால் பேருந்தைக் கூட்டச் சொல்ல வேண்டுமேயன்றி மக்களைக் குறைக்கச் சொல்வது என்ன நியாயம்? 148 கிலோமீட்டர் நீளப் புறநகர் இரயில் திட்டத்துக்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்தால் நிலைமை மேலும் மாறும். மின்சாரக் காரைப் பசுமை என்று கொண்டாடுவோருக்கு ஒரு சொல்: அது புகை விடாது, உண்மை. ஆனால் நிற்பதற்கு அதற்கும் அதே அளவு நிலம் வேண்டும். அந்த நிலம் ஏரியாகவோ தோப்பாகவோ இருந்திருக்கும்.

நகரின் தெற்கு விளிம்புக்குப் போவோம். பன்னேர்கட்டாவை விலங்குக் காட்சிச்சாலையாக மட்டும் நம்மில் பலர் அறிவோம். 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, நகரின் வாசலில் தொடங்கி ஒடுங்கிய நீளமான பட்டையாகத் தெற்கே காவிரிக் காடுகள் வரை செல்கிறது. யானைகள் அந்தப் பட்டையில் நடக்கின்றன. கேழ்வரகு முற்றும் காலத்தில் கூட்டம் கூட்டமாகத் தமிழ்நாட்டுப் பக்கம் தளி, ஜவளகிரி, சானமாவு எனச் சுற்றி வந்து மீள்கின்றன. ஓசூர்ப் பகுதி உழவன் பரண்மேல் விழித்திருந்து பட்டாசு வெடித்து விரட்டுவான். விரட்டிய யானை அடுத்த ஊருக்குப் போகும். அங்கே இன்னொருவன் விழித்திருப்பான். அகழி வெட்டினால் மழையில் தூர்ந்துவிடுகிறது. பழைய இரயில் தண்டவாளங்களைக் கொண்டு வேலி அமைத்தால் அது வலியது. ஆனால் வேலி முடியும் இடத்தில் யானை வெளியே வருகிறது. ஆக, விலங்கை மேலாள்வது என்பது பெரும்பாலும் அது நடக்கும் நிலத்தை மேலாள்வதே.

அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று? தேசியப் பூங்காவைச் சுற்றிக் கல்குவாரியும் பெருங்கட்டடமும் வராமல் தடுக்கச் சூழல் உணர்திறன் மண்டலம் ஒன்று அறிவிக்க வேண்டும் என்பது விதி. 2016-இல் வெளியான வரைவில் அதன் பரப்பு 268.96 சதுர கிலோமீட்டர். 2020-இல் இறுதி அறிவிப்பு வந்தபோது 168.84. நூறு சதுர கிலோமீட்டர் காகிதத்தில் மறைந்தது. நகரின் மனை விலை அங்கே எட்டிவிட்டதை எண்ணினால் இது புரியாத கணக்கு அன்று. கேழ்வரகு வயல் மனையாகும்போது யானைக்கு ஒரு தடம் அடைபடுகிறது. அது திரும்பும் திசை ஓசூர் உழவனின் வயல். நுரை வந்த வழியேதான் யானையும் வருகிறது என்றால் மிகையாகாது. தமிழ்நாடு தன் பங்குக்கு 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இரு சரணாலயங்களை அறிவித்தது. காடு தொடர்ந்து கிடந்தால்தான் இவ்வறிவிப்புகளுக்குப் பொருள் உண்டு.

செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். நகரின் வடக்கே ஜக்கூர் ஏரியைப் போய்ப் பாருங்கள். சுத்திகரித்த கழிவுநீரை நேரே ஏரியில் விடாமல், முதலில் கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு நிலத்தின் வழியே விடுகிறார்கள். செடிகளின் வேர் எஞ்சிய உப்புகளை உறிஞ்சிக்கொள்கிறது. பறவைகள் வருகின்றன, மீனவர்கள் மீன் பிடிக்கிறார்கள். கழிவுநீர் இல்லாவிட்டால் அந்த ஏரி கோடையில் வறண்டிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். அதேபோல 2018 முதல் நகரின் சுத்திகரித்த நீர் குழாய் வழியே கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது; அங்கே கிணறுகளில் நீர் ஏறியிருக்கிறது. இரண்டு படிச் சுத்திகரிப்பு போதுமா, மூன்றாம் படியும் வேண்டாவா என்ற வாதம் அங்கே தொடர்கிறது. வேண்டும் என்போர் பக்கமே நான். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2003-இல் நகர் நடுவே இருந்த மேம்பாலச் சாலையை இடித்து, 2005-க்குள் அதன் அடியில் புதைந்திருந்த ஓடையைத் திறந்தார்கள். கூடவே பேருந்துத் தடங்களையும் திருத்தி அமைத்தார்கள். அந்த ஓடையில் ஓடும் நீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடுவது என்று குறை சொல்வாரும் உண்டு. இருக்கட்டும், சாலையை எடுத்துவிட்டு நீருக்கு வழி விட்டும் ஒரு பெருநகரம் இயங்க முடியும் என்பது அங்கே கண்கூடு.

நம் வளாகத்துக்கு ஒரு சிறு கணக்கு. பெங்களூரில் ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 39 இலட்சம் லிட்டர் விழுகிறது. நம் விடுதிக் கூரைகள், வண்டி நிறுத்துமிடங்கள், சிமெண்டு போட்ட முற்றங்கள் எத்தனை ஏக்கர் என்று அடியால் அளந்து பெருக்கிப் பாருங்கள். பிறகு அந்த நீர் வளாகத்தை விட்டு எந்த வாய்க்கால் வழியே வெளியேறுகிறது, அது எந்த ஏரிக்குப் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே கண்டுபிடியுங்கள். வாய்க்கால் பாதியில் ஒரு சுவருக்கோ கட்டடத்துக்கோ அடியில் மறைந்துபோனால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள்.